யஃஸூப் என்ற சொல்லும் குளவிகளின் அரசியும்

அரபு மொழியில் தேனீக் கூட்டத்தின் தலைமைக்கு 'யஃஸூப்' என்று பெயர். ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) காலமான இப்னு மன்ளூர், தமது 'லிஸானுல் அரப்' பேரகராதியில் இச்சொல்லுக்குத் தேனீக்களின் அமீர் என்றும், அவற்றுள் ஆண் என்றும் பொருள் தருகிறார். பின்னர் இது ஆகுபெயராகி, ஒரு சமூகத்தாரின் தலைவரையும் குறிக்கலாயிற்று. தலைமை என்றால் அது ஆணுக்கே உரியதாக இருக்க வேண்டும் என்னும் எண்ணம் அகராதியின் ஒரே வரியில் குடியேறிவிட்டதைக் காண்கிறோம். இது அரபியருக்கு மட்டும் உரிய பிழையன்று. கிரேக்கரும் உரோமரும் தேன்கூட்டில் 'அரசனை'யே கண்டார்கள். ஐரோப்பியர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதிவரை அவ்வாறே எழுதினார்கள்.

தேனீயைக் காட்டிலும் நுட்பமான சான்று அதன் உறவினமாகிய குளவியிடம் இருக்கிறது. தேன்கூட்டின் அரசியை உடலின் நீளத்தைக் கொண்டே கண்டுகொள்ளலாம். ஆனால் வீட்டு இறவாணத்திலும் சன்னல் மேற்கட்டிலும் காகிதம் போன்ற சிறு கூடுகளைக் கட்டி வாழும் குளவிகளுள் பலவற்றில், முட்டையிடும் தாய்க்கும் இரை தேடும் பணிக்குளவிக்கும் வடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஒரே கூட்டில் இருபது குளவிகள் இருந்தால், இருபதும் நம் கண்ணுக்கு ஒன்றே. அவை மட்டும் யார் மேல், யார் கீழ், யார் வயிற்றில் முட்டை முதிர்ந்திருக்கிறது என்பதை ஐயமின்றி அறிந்து நடந்துகொள்கின்றன. எந்த அடையாளத்தைக் கொண்டு அறிகின்றன என்னும் வினாவுக்கு விடை தேடிய வரலாறு, இயற்கையை மனிதன் வாசித்த வரலாற்றில் ஒரு சுவையான அத்தியாயம். புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னினமாக்கும் என்று நம் முன்னோர் சொல்லிவந்த மண்கூட்டுக் குளவி தனித்து வாழும் வேறோர் இனம். இங்கே பேச்சு கூடி வாழும் குளவிகளைப் பற்றியது.

அரிஸ்டாட்டில் தமது விலங்கியல் நூலில் குளவிகளுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார். அங்கே அவர் கூறும் செய்தி வியப்பளிப்பது. குளவிகளின் தலைமையைக் கிரேக்க மக்கள் 'தாய்' என்று பொருள்படும் சொல்லால் வழங்கினர் என்பதை அவர் பதிவுசெய்கிறார். பணிக்குளவிகள் குளிர்காலம் வந்ததும் மடிந்துபோகின்றன, தாய்க்குளவிகளே ஒளிந்திருந்து அடுத்த கோடையில் புதுக்கூட்டைத் தொடங்குகின்றன என்பதையும் சொல்கிறார். இவை பெரும்பாலும் சரியான அவதானிப்புகள். தேனீயின் இனப்பெருக்கத்தைப் பற்றி எழுதும்போதோ அவர் தடுமாறுகிறார்; ஆயினும், தம் காலத்தில் உண்மைகள் போதிய அளவு கண்டறியப்படவில்லை, கண்டறியப்படும் நாளில் கோட்பாட்டைவிடக் கண்ட சான்றுக்கே முதன்மை தர வேண்டும் என்று எழுதிவைக்கிறார். குளவியைப் பற்றி நாட்டுப்புற மக்கள் 'தாய்' என்று சரியாகவே சொன்னார்கள். தேனீயைப் பற்றிக் கற்றவர்கள் 'அரசன்' என்று பிழையாகச் சொன்னார்கள். தேனீக்கு மனிதன் அளித்த மதிப்பே அதன் உண்மையை மறைத்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. குளவியின் கூட்டில் எவரும் அரசவையைத் தேடவில்லை.

அரிஸ்டாட்டிலின் விலங்கியல் நூல்கள் பத்தொன்பது பகுதிகளாக 'கிதாபுல் ஹயவான்' என்ற பெயரில் அப்பாஸியர் காலத்தில் அரபியாக்கம் பெற்றன. அதே பெயரில் தமது பெருநூலை எழுதிய பஸராவின் ஜாஹிஸ் (மறைவு ஹிஜ்ரி 255 / கி.பி. 869), அரிஸ்டாட்டிலை 'தர்க்கவியலின் ஆசிரியர்' என்று பன்முறை குறிப்பிட்டு, அவர் கூற்றுகளை ஏற்கவும் செய்கிறார், மறுக்கவும் செய்கிறார். மாலுமிகள், வேட்டைக்காரர்கள், பாலைவன அரபியர் ஆகியோரிடம் கேட்டறிந்தவற்றையும் பண்டைக் கவிதைகளில் கண்டவற்றையும் அவர் தராசில் வைத்து நிறுக்கிறார். கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு என்னும் வேறுபாட்டை அவர் விடாப்பிடியாக வலியுறுத்துவது இன்றைய ஆய்வு மாணவனும் பயில வேண்டிய ஒழுங்கு. எனினும் விலங்குகளிடையே தலைமை என்னும் பொருளுக்கு வந்தவுடன், தேனீக்களுக்கும் நாரையினத்துப் பறவைகளுக்கும் தலைவன் உண்டு என்ற வழக்கமான கருத்தையே அவரும் எடுத்தாள்கிறார். எதையும் கேள்வி கேட்ட ஜாஹிஸும் இதைக் கேள்வி கேட்கவில்லை.

கெய்ரோவில் வாழ்ந்து ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) மறைந்த கமாலுத்தீன் தமீரியின் 'ஹயாத்துல் ஹயவான்' நம் மதரஸா நூலகங்களில் இன்றும் காணக் கிடைப்பது. விலங்குகளை அகரவரிசையில் அடுக்கி, மொழி, ஹதீஸ், சட்டம், மருத்துவம், கனவு விளக்கம் என்று எல்லாக் கோணங்களிலிருந்தும் பேசும் கலைக்களஞ்சியம் அது. 'ஸுன்பூர்' (குளவி) என்ற தலைப்பில் அவர் இரு வகைகளைக் காட்டுகிறார். ஒன்று மலைக்குளவி, கருமை சார்ந்த நிறமுடையது, மரத்தில் கூடு கட்டுவது. மற்றொன்று சமவெளிக்குளவி, சிவந்த நிறமுடையது, எறும்பைப் போல் மண்ணை வெளியே கொணர்ந்து நிலத்தடியில் கூடு அமைப்பது. தொடக்கத்தில் புழுவாக இருந்து பின்னரே குளவியாகிறது என்பதையும், எறும்பைப் போல் உணவைச் சேமிக்காமல் குளிர்காலம் முழுவதும் உயிரற்ற உடல்போல் கிடந்து, வேனில் வந்ததும் மீண்டும் உயிர்ப்புறுகிறது என்பதையும் அவர் எழுதுகிறார். அந்தச் சிவந்த குளவி, எகிப்திலும் ஷாம் நாடுகளிலும் இன்றும் தேன்வளர்ப்போரை வருத்திவரும் கிழக்கத்தியப் பெருங்குளவியாகவே இருக்க வேண்டும். நிறமும் நிலத்தடிக் கூடும் அதற்கே பொருந்துகின்றன. ஆண் குளவிகள் பெண்ணைவிடப் பருத்த உடலுடையவை என்று தமீரி குறிப்பது மட்டும் நேர்மாறானது. பருத்த உடலுடையது தாய். இங்கும் பெரியது என்றால் ஆண் என்ற அந்தப் பழைய ஊகமே எழுதுகோலை நடத்தியிருக்கிறது.

குர்ஆனின் பதினாறாம் அத்தியாயத்தில் தேனீக்கு இடப்படும் கட்டளைகள் பெண்பால் ஒருமையில் அமைந்திருப்பதைக் காட்டி, பணித்தேனீ பெண்ணே என்ற அறிவியல் முடிவுக்கு அதைச் சான்றாக நிறுத்துவோர் இன்று பலர். 'நஹ்ல்' என்னும் கூட்டுப்பெயரை அரபியர் ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் ஆள்வர் என்பதை இலக்கணம் பயின்றவர் அறிவர். ஒரு சொல்லின் இலக்கணப் பாலை உயிரின் பாலோடு ஒன்றாக்குவதில் அவசரம் தகாது. 'யஃஸூப்' என்ற சொல்லின் ஆண்பால் நம் அகராதியாளர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் மேலே பார்த்தோமே! குளவியின் பெயர் அரபு அறிவுலகில் மிகுதியாக ஒலித்தது விலங்கியலில் அன்று, இலக்கணத்திலேதான். பக்தாதில் யஹ்யா பின் காலித் பர்மகீயின் அவையில் ஸீபவைஹியும் கிஸாயீயும் வாதிட்ட 'மஸ்அலா ஸுன்பூரிய்யா'வை நஹ்வு படித்த மாணவர் எவரும் மறந்திருக்க மாட்டார். தேளின் கொட்டு கடுமையா, குளவியின் கொட்டு கடுமையா என்று தொடங்கும் அந்த வாக்கியத்தில், கடைசிப் பிரதிப்பெயர் எந்த வேற்றுமையில் வர வேண்டும் என்பதே வழக்கு. குளவியைப் பற்றி நூற்றாண்டுகளாகப் பேசினோம். கூட்டை அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு.

ஐரோப்பாவில் திருப்பம் தேனீயிலிருந்தே தொடங்கியது. 1586இல் ஸ்பெயின் நாட்டு லூயிஸ் மெந்தெஸ் தெ தோர்ரெஸ், 'அரசன்' எனப்பட்டது முட்டையிடும் பெண்ணே என்று எழுதினார். 1609இல் ஆங்கிலப் பாதிரியார் சார்லஸ் பட்லர் தேனீக்களின் ஆட்சியைப் பெண்ணரசு என்றே தலைப்பிட்டு நூல் வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்தின் யான் ஸ்வாமர்டம் உருப்பெருக்கியின் கீழ் அரசித் தேனீயின் வயிற்றை அறுத்து, சூலகங்களைப் படமாக வரைந்து காட்டியபோது வழக்கு முடிந்தது. குளவியின் பக்கம் பார்வையைத் திருப்பியவர் பிரான்சின் ரேமூர். குளவி மரத்தை மென்று காகிதம் செய்வதைக் கண்டு, மனிதனும் மரத்திலிருந்து காகிதம் செய்யலாமே என்று 1719இல் கருத்துரைத்தவர் அவர். 1742இல் வந்த தமது பூச்சியியல் வரிசையின் ஆறாம் தொகுதியில் குளவிச் சமூகத்தின் தாய், ஆண், பணிக்குளவி ஆகிய பிரிவுகளை விரிவாக எழுதினார். ஆனால் 'அரசன்' என்ற சொல்லின் இடத்தில் 'அரசி' வந்து அமர்ந்ததே தவிர, அரண்மனை அப்படியே இருந்தது. அவள் ஆள்கிறாள், மற்றவை அடிபணிகின்றன. எப்படி என்று கேட்பார் இல்லை.

அந்த 'எப்படி'யை முதலில் ஒழுங்காகக் கேட்டவர் லெயோ பார்தி (1915–1990) என்னும் இத்தாலியர். நார்வே நாட்டு ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் கோழிகளிடையே கொத்தும் வரிசையைக் கண்டறிந்திருந்தார்: முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும், இரண்டாவது தனக்குக் கீழுள்ளவற்றை மட்டும் கொத்தும், கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்துப்படும். முதுகெலும்புள்ள உயிர்களுக்கே உரியது என்று கருதப்பட்ட இந்த வரிசை பூச்சியிடமும் உண்டு என்பதைப் பார்தி, இரண்டாம் உலகப்போரின் ஆண்டுகளில், பொலிஸ்டஸ் என்ற காகிதக்கூட்டுக் குளவியிடம் கண்டு நிறுவினார். அவருடைய முடிவுகளின் ஆங்கிலச் சுருக்கம் 1948இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளியாகி உலகறியச் செய்தது.

அவர் கண்ட காட்சியைச் சற்று விரிவாகவே பார்ப்போம். குளிர்காலத்தைக் கடந்த பெண் குளவிகள், முந்திய இலையுதிர் காலத்திலேயே ஆணோடு சேர்ந்து விந்தைத் தம் உடலில் சேமித்தவை, இளவேனிலில் ஒன்றாகவோ பலவாகவோ கூடு தொடங்குகின்றன. எல்லாமே முட்டையிடும் தகுதி உடையவை. தொடக்க நாட்களில் மோதல் கடுமையானது. கடித்து, கட்டிப் புரண்டு, சில வேளைகளில் கூட்டிலிருந்து கீழே விழும்வரை நீள்வது. பின்னர் அது தணிந்து வெறும் சடங்காகிறது. மேல்நிலைக் குளவி எழுந்து நின்று, உணர்கொம்புகளால் மற்றதன் தலையைத் தட்டுகிறது. கீழ்நிலைக் குளவி உடலைத் தாழ்த்தி, தலையைப் பதித்து, அசையாமல் கிடக்கிறது. இரை தேடி வந்த கீழ்நிலைக் குளவி தன் வாயிலுள்ள திரவ உணவை மேல்நிலைக் குளவிக்குக் கக்கிக் கொடுக்கிறது. மேல்நிலைக் குளவி கூட்டிலேயே தங்கி முட்டையிடுகிறது. கீழ்நிலைக் குளவி இட்ட முட்டையைக் கண்டுபிடித்துத் தின்றுவிட்டு, அந்த அறையில் தன் முட்டையை வைக்கிறது. நன்றாக உண்டு குறைவாக உழைப்பவளின் சூலகம் வளர்கிறது. உழைத்து உணவை இழப்பவளின் சூலகம் சுருங்குகிறது. ஆக, தலைமை என்பது பிறப்பில் முத்திரையிடப்பட்டதன்று, நாள்தோறும் ஈட்டப்படுவது. முதல்வி மறைந்தால் இரண்டாமவள் அந்த இடத்துக்கு ஏறுகிறாள், அவளுடைய சூலகமும் மீண்டும் வளரத் தொடங்குகிறது. பார்தி தம் குளவியை ஒரு பெயரால் குறித்தார். பின்னைய வகைப்பாட்டாளர் அது வேறோர் இனம் என்று கண்டு, இன்று பொலிஸ்டஸ் டொமினுலா என்று வழங்குகின்றனர். பழைய ஏடுகளைப் படிப்போர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. நிலையும் கருவளமும் ஒன்றுதானா? 1980களில் ஜெர்மனியின் ரோஸ்லர், கூடு தொடங்கும் குளவிகளில் மூளையின் பின்னுள்ள ஒரு சிறு சுரப்பி யாருக்குப் பெரியதாக இருக்கிறதோ, யாருடைய இரத்தத்தில் இளமை ஹார்மோன் மிகுதியோ, அவளே முதல்வியாகும் வாய்ப்புடையவள் என்று காட்டினார். சூலகம் நீக்கப்பட்ட குளவியும் சண்டையில் மேல்நிலையைப் பெறவும் காக்கவும் முடியும் என்பதையும் கண்டார். அப்படியானால் வலிமை ஒன்று, முட்டையிடும் ஆற்றல் மற்றொன்று. வலிமையைச் சண்டையில் அறியலாம். வயிற்றினுள் இருப்பதை மற்றக் குளவி எவ்வாறு அறியும்?

விடை அதன் தோலில் இருந்தது. பூச்சியின் உடலின் மேல் மெழுகு போன்ற மெல்லிய படலம் உண்டு. ஹைட்ரோகார்பன் எனப்படும் நீள்சங்கிலிச் சேர்மங்களால் ஆன அப்படலம் முதலில் உடலின் நீர் உலர்ந்துபோகாமல் காக்கவே அமைந்தது. ஒரு கூட்டைச் சேர்ந்தவளா, அயலாளா என்பதை உணர்கொம்பால் தொட்டு இதன் மூலமே குளவிகள் அறிகின்றன. பார்தியின் மாணவர் வழிவந்த ஃபுளோரன்ஸ் நகர ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே சென்றது. கூடு தொடங்கிய புதிதில் முதல்விக்கும் மற்றவர்களுக்கும் இப்படலத்தில் வேறுபாடு இல்லை. பணிக்குளவிகள் வெளிவரும் காலத்துக்குள் முதல்வியின் படலம் தனித்தன்மை அடைந்துவிடுகிறது. அது சூலகத்தின் செயற்பாட்டோடு ஒத்துச் செல்கிறது. முதல்வியை அகற்றினால், அவள் இடத்துக்கு வந்தவளின் மேனியிலும் அதே கலவை நாளடைவில் தோன்றுகிறது. கருவளம் மேனியில் எழுதப்பட்டிருக்கிறது, தொடுபவர் படித்துக்கொள்கிறார்.

இதை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் அறிஞர்களிடையே எழுந்த கருத்துவேறுபாடு எளிதானதன்று. 1950களில் இங்கிலாந்தின் காலின் பட்லர், தேனீ அரசியிடமிருந்து பரவும் ஒரு பொருள் பணித்தேனீக்களின் சூலகத்தை அடக்கிவைக்கிறது என்று காட்டியிருந்தார். 1959இல் இத்தகைய இரசாயனச் செய்திகளுக்கு 'ஃபெரமோன்' என்ற பெயர் சூட்டப்பட்டது. தமீரி கண்ட அந்தச் சிவந்த பெருங்குளவியின் அரசியிடமிருந்தும் அத்தகைய ஒரு சேர்மம் 1969இல் பிரித்தெடுத்து அறிவிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் பலர், அரசி மற்றவர்களை மருந்திட்டு மலடாக்கி ஆள்கிறாள் என்றே புரிந்துகொண்டனர். லாரன்ட் கெல்லரும் பீட்டர் நோனக்ஸும் 1993இல் இதைக் கடுமையாக மறுத்தனர். அவர்கள் வாதம் இது: ஒருவரை அவர் நலனுக்கு எதிராக அடக்கும் மருந்து இருந்தால், அதற்கு மசியாதவர்கள் தலைமுறைதோறும் பெருகி, மருந்து பயனற்றுப் போயிருக்கும். எனவே அது கட்டளையன்று, அறிவிப்பு. 'என் சூலகம் நலமாக இருக்கிறது, முட்டை தடையின்றி வருகிறது' என்று அரசி தெரிவிக்கிறாள். தாய் வளமாக இருக்கும்வரை தங்கை தம்பியரை வளர்ப்பதே தன் மரபு தொடர நல்ல வழி என்று கண்டு, பணிக்குளவி தானே முட்டையிடாமல் ஒதுங்குகிறாள். அதே வேதிப்பொருள், அதே விளைவு. ஒரு வாசிப்பில் அது கொடுங்கோல், மற்றொரு வாசிப்பில் உண்மையான அறிக்கை. என் கருத்தில், 'யஃஸூப்' என்ற சொல்லைச் சுமந்து வந்த அரசவைக் கற்பனை முதன்முதலாக உடைந்தது ஸ்வாமர்டத்தின் கத்தியால் அன்று, இந்த வாதத்தால்தான்.

2014இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, பொதுக்குளவி, ஒரு வண்டுத்தேனீ, ஒரு பாலைவன எறும்பு ஆகிய மூன்றிலும் இதே வகை ஹைட்ரோகார்பன்கள் பணியாளர்களின் முட்டையிடலைக் குறைப்பதாகக் கண்டது. 64 இனங்களைப் பற்றிய முன்னைய ஆய்வுகளையும் ஒப்பிட்டு, கருவளத்தின் இந்த அடையாளம் மிகத் தொன்மையானது என்று முடிவு கூறியது. வண்டுத்தேனீயைப் பொறுத்தவரை அடுத்த ஆண்டே மறுஆய்வு செய்த வேறொரு குழு அந்த விளைவைக் காணவில்லை. குளவிக்கும் எறும்புக்கும் உரிய சான்று அதனால் குலைந்துவிடவில்லை.

மேனியின் வாசம் கருவளத்தைச் சொல்லும். முகம் எதைச் சொல்லும்? அமெரிக்காவின் எலிசபெத் டிபெட்ஸ், பொலிஸ்டஸ் ஃபஸ்கேட்டஸ் என்ற இனத்தில் குளவிக்குக் குளவி முகக்கோலம் மாறுபடுவதைக் கவனித்தார். சிலவற்றின் முகத்தில் வண்ணம் தீட்டிக் கூட்டில் விட்டபோது, தோழிகள் புதியவளைக் கண்டதுபோல் தாக்கின. சிறிது நேரத்தில் புதுமுகத்தைப் பழகிக்கொண்டு அடங்கின. 2002இல் வெளியான இம்முடிவு, குளவிகள் ஒன்றையொன்று தனித்தனியே முகம் பார்த்து அறிகின்றன என்பதை உணர்த்தியது. 2004இல் அவரும் ஜேம்ஸ் டேலும் பொலிஸ்டஸ் டொமினுலாவை ஆராய்ந்தனர். ஐரோப்பாவிலிருந்து 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் குடியேறிய இனம் அது. அதன் மஞ்சள் முகத்தில், வாய்க்கு மேலுள்ள தகட்டில், சிலவற்றுக்குக் கறுப்புப் புள்ளி இல்லை, சிலவற்றுக்கு ஒன்று, சிலவற்றுக்குச் சிதறிய பல. புள்ளிகள் சிதறியிருக்கும் அளவுக்குச் சண்டையில் வெல்லும் வாய்ப்பு மிகுதி.

கறுப்புப் புள்ளி ஒன்றைக் கூடுதலாகப் பெறுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. அப்படியானால் எல்லாக் குளவியும் வீரனின் முகத்தை அணிந்துகொள்ளலாமே? ஆய்வாளர்கள் பொய்முகம் தீட்டிப் பார்த்தனர். முகத்தில் வலிமையும் நடத்தையில் மெலிவும் உடையவளை எதிராளி விடாமல் தாக்கியது. 2010இல் வெளியான தொடர் ஆய்வில் முகத்தை மட்டும் மாற்றியும், ஹார்மோனால் நடத்தையை மட்டும் மாற்றியும், இரண்டையும் சேர்த்து மாற்றியும் பார்த்தார்கள். முகமும் நடத்தையும் முரண்பட்ட இடத்திலேயே தண்டனை கடுமையாக இருந்தது. பொய்யைத் தடுத்தது புள்ளியின் விலையன்று, சமூகத்தின் சோதனை. அறிவிப்பாளர்களின் தகுதியை எடைபோடும் 'ஜர்ஹ், தஃதீல்' கலையைப் பாடம் நடத்துவோருக்கு இது அந்நியமான முறையாகத் தோன்றாது. தோற்றத்தில் சான்றோன் என்பது போதாது, கூற்றோடு ஒழுக்கம் பொருந்துகிறதா என்று பிறர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயினும் இம்முடிவை அப்படியே எல்லா இடத்துக்கும் விரிக்கலாகாது. அதே இனத்தை அதன் தாயகமாகிய இத்தாலியில் 2008இலும் ஸ்பெயினில் 2011இலும் ஆராய்ந்தவர்கள் முகப்புள்ளிக்கும் நிலைக்கும் அத்தகைய தொடர்பைக் காணவில்லை. கூட்டுப்புழுப் பருவத்தின் வெப்பநிலையும் புள்ளிகளைப் பாதிக்கிறது. ஓர் ஊரில் பொருளுடைய எழுத்து, மற்றோர் ஊரில் வெறும் கறையாக இருக்கலாம்.

நமக்கு அண்மையிலுள்ள சான்று இவையெல்லாவற்றையும்விட விந்தையானது. தென்னிந்தியாவில் வீட்டுச் சுவர்களிலும் சன்னல்களிலும் பரவலாகக் காணப்படும் செம்பழுப்புக் குளவி ரொபாலிடியா மார்ஜினாட்டா. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரும் அவர் மாணவர்களும் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்து வந்திருக்கின்றனர். 2001இல் அவர் எழுதிய பெருநூல் முழுவதும் இந்த ஒரே குளவியைப் பற்றியது. பார்தியின் குளவியைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். இதன் அரசி எவரையும் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. கூட்டிலேயே மிகச் சாதுவானவள் அவள். நடத்தையை மட்டும் கொண்டு அவளை அரசி என்று சொல்லவே இயலாது. ஆனால் முட்டையிடுபவள் அவள் ஒருத்தி மட்டுமே. அவளை அகற்றிவிட்டால் சுமார் அரைமணி நேரத்துக்குள் பணிக்குளவிகளில் ஒருத்தி திடீரென்று கடுஞ்சினம் கொண்டு மற்றவர்களைத் தாக்கத் தொடங்குகிறாள். அரசியை மீண்டும் விட்டால் அச்சினம் தணிகிறது. விடாவிட்டால், அந்த ஒருத்தியே ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிட்டு, மெல்லமெல்லச் சாதுவாகி, அடுத்த அரசியாகிறாள்.

அரசி இருப்பதை மற்றவர்கள் எப்படி உணர்கிறார்கள்? அரைமணிக்குள் எல்லாரையும் தொட்டுவிடும் அளவுக்கு அவள் பிறரோடு கலப்பதில்லை. அவள் தன் வயிற்றின் நுனியைக் கூட்டின் பரப்பில் அடிக்கடி தேய்த்துச் செல்கிறாள். அங்கே படியும் வாசமே அவளுடைய இருப்பின் செய்தி. அவளுடைய கொடுக்கின் அடியிலுள்ள 'தூஃபூர்' சுரப்பியின் சாற்றை அரசியற்ற கூட்டில் இட்டபோது, சினம் கொண்டிருந்தவள் தணிந்ததை 2010இல் கண்டனர். சினம் கொண்டவள் அரசியாக மாறும் நாட்களில் அவளுடைய சுரப்பியின் கலவையும் படிப்படியாக அரசியின் கலவையை ஒத்துவருகிறது. இங்கே சினம் ஆட்சியின் கருவியன்று; தன் சூலகத்தை விரைவில் வளர்த்துக்கொள்ளும் வழி என்று அவர்கள் கருதுகின்றனர்.

இன்னொரு சோதனை 2008இல் வெளியானது. ஒரு கூட்டை இரண்டாக வெட்டி, நடுவே கம்பிவலை இட்டு, குளவிகளையும் இருபுறமாகப் பிரித்துவைத்தார்கள். அரசி இல்லாத பக்கத்தில் ஒருத்தி சினம் கொண்டு எழுந்தாள். பின்னர் அரசியை அந்தப் பக்கத்துக்கு மாற்றினார்கள். இப்போது அரசியற்றுப்போன மறுபக்கத்தில் சில கூடுகளில் வேறொருத்தி எழுந்தாள். சில கூடுகளில், முன்பு எழுந்தவளையே இங்கே கொண்டுவந்து விட்டதும் அவளுக்கு இப்பக்கத்தாரும் அடங்கினார்கள். வேறொருத்தி எழுந்த கூடுகளில், முதலில் எழுந்தவள் இந்த இரண்டாமவளுக்கு வழிவிட்டாள். ஆகவே அடுத்தவள் யார் என்பது அரசி உயிரோடு இருக்கும்போதே கூட்டினர் அனைவருக்கும் தெரிந்திருக்கிறது. அவளை எவரும் தாக்குவதுமில்லை. அரசியையும் அவளுக்குப் பின் எழுந்தவர்களையும் அடுத்தடுத்து அகற்றிப் பார்த்த 2012ஆம் ஆண்டின் ஆய்வில், மோதலின்றி ஒருவர்பின் ஒருவராக வரிசை தொடர்ந்தது. வயதில் மூத்தவள் முன்னே வரும் போக்கு அவ்வரிசையில் தெரிந்தது. ஆனால் மூத்தவளைத் தாண்டி இளையவள் வந்த கூடுகளும் இருந்தன. உடலின் அளவோ, அதுவரை காட்டிய நடத்தையோ அவளை முன்கூட்டி ஆய்வாளருக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. வண்ணப்புள்ளி இட்டு, ஒவ்வொரு குளவியின் ஒவ்வோர் அசைவையும் ஏட்டில் குறித்துவைத்தும், அரசியை எடுக்கும் கணம்வரை அடுத்தவள் எவள் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. கூட்டில் இருந்தவை அறிந்திருந்தன.